துறையூர் பஸ்ஸில் ஏறு, கல்லாப்பெட்டியை எட்டிப் பார்!

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து திருவெள்ளறைக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் அந்த இருபது கிலோமீட்டருக்குள் எத்தனை கஜானா, எத்தனை கையெழுத்து, எத்தனை ஏலம்! நம்ம ஊர்ப் பணம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது? லெட்ஜரைத் திறந்து பார்ப்போம், வாங்க.

சத்திரத்தில் சும்மா நிற்கும் எதுவும் சும்மா நிற்கவில்லை!

துறையூர் பஸ் கிளம்ப இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கிறதா? அப்படியே கண்ணைச் சுழலவிடுங்கள். அந்த டீக்கடை மாநகராட்சிக்கு மாசா மாசம் வாடகை கட்டுகிறது. டூவீலர் ஸ்டாண்டு ஏலத்தில் போனது. கட்டணக் கழிப்பிடம் குத்தகை. உறுமிக்கொண்டே உள்ளே நுழைகிற பஸ்கூட ஓசியில் நுழையவில்லை. அதற்கும் கட்டணம் உண்டு. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இடித்துக் கட்டி, 2021 டிசம்பர் கடைசியில் திறந்த நிலையம் இது. பளபளவென்று இருக்கிறதே என்று நாம் செல்ஃபி எடுக்கிறோம்; மாநகராட்சியின் வருவாய்ப் பிரிவு கடைக் கதவை எண்ணுகிறது.

குத்தகை ஏலம் என்பது தனி சினிமா. முன்வைப்புத் தொகைக்கு டி.டி. எடுத்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். போன தடவை எடுத்தவர் ஒரு மூலையில், இந்தத் தடவை எடுத்தே தீருவேன் என்பவர் எதிர் மூலையில். மூடி முத்திரையிட்ட கவர்கள் மேஜைமேல். கவரைப் பிரிக்கும் வரை எல்லார் முகத்திலும் ஒரே புன்னகை. எதிர்பார்த்த தொகை வரவில்லையா, ஏலம் ஒத்திவைப்பு. வந்தவர்கள் மறுபடியும் டீக்கடைக்கு. அந்த டீக்கடையின் வாடகையும் அதே கல்லாவுக்குத்தான் போகிறது என்பதுதான் வேடிக்கை!

ரசீதுக்குள் ஒளிந்திருக்கும் லைப்ரரி

பஸ் நகர்ந்தாச்சு. இப்போது பெரிய கல்லாவுக்கு வருவோம். 1866-ல் திருச்சிராப்பள்ளி நகராட்சி ஆனது. அந்தக் காலத்தில் வீட்டுக்கு வரி, தொழிலுக்கு வரி, வண்டிக்கும் மாட்டுக்கும் வரி. 1994-ல் தனித்தனி நகராட்சிகளாக இருந்த ஸ்ரீரங்கத்தையும் பொன்மலையையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சியானது. இன்றைக்கு 65 வார்டு. வண்டி மாடு போய்விட்டது. வீட்டு வரி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு முறை: ஏப்ரலிலிருந்து செப்டம்பர், அக்டோபரிலிருந்து மார்ச். அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டிவிட்டால் 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய். இழுத்தடித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி. தீபாவளித் தள்ளுபடிக்கு அடித்துப் பிடித்து ஓடுகிற நாம் இந்தத் தள்ளுபடியை மட்டும் கண்டுகொள்வதே இல்லை, ஏனோ!

2022 ஏப்ரலில் நடந்தது நினைவிருக்கிறதா? ஊரெல்லாம் ஒரே கூச்சல். சென்னைக்கு வெளியே இருக்கும் வீடுகளில் 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கும் மேல் 100 சதவீதம் உயர்வு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் வீடு 1,000 சதுர அடி, அரையாண்டு வரி 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இரவில் அது 1,500. சீக்கிரம் கட்டினால் 75 ரூபாய் மிச்சம்.

திரைக்குப் பின்னால் நடந்த கதை இன்னும் சுவாரஸ்யம். 2018-ல் வரியை ஏற்றினார்கள்; 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் வாசலில் நின்றபோது, நிறுத்தி வைத்தார்கள். அப்புறம் மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு வந்து ஒரு கண்டிஷன் போட்டது: மாநிலத்தின் பொருளாதாரம் வளர்கிற அளவுக்குச் சொத்து வரியும் வளரணும், இல்லாவிட்டால் நகரங்களுக்கு மானியம் கிடையாது! நம் வாசலில் வந்து ஒட்டிய நோட்டீஸுக்கு வேர் டெல்லியில் இருந்தது.

அந்த வரி ரசீதை இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். சொத்து வரி ரூபாய்க்குப் பத்து பைசா. 1948-ல், அவிநாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தின் புண்ணியம் அது. உள்ளாட்சி வசூலித்து நூலக ஆணைக் குழுவுக்குக் கொடுக்கணும். பக்கத்துக் கிளை நூலகத்தில் போய்ப் பேப்பர் படிக்கிறீர்களா? கால்மேல் கால் போட்டு உட்காருங்கள், அது நீங்கள் காசு கொடுத்த நாற்காலி!

விசில் அடித்தாலும் வரி

வரி ஒளிந்திருக்கும் இடங்களை இன்னும் காட்டவா? வீடு கிரயம் பண்ணும்போது முத்திரைத் தீர்வையோடு சேர்த்துக் கட்டுகிற 2 சதவீதக் கூடுதல் தீர்வை உள்ளாட்சியின் பங்கு. சம்பளக்காரர்கள் அரையாண்டுக்கு ஒரு முறை கட்டுகிற தொழில் வரியும் உள்ளாட்சிக்கே. ஆனால் அந்தத் தொழில் வரிக்கு அரசியல் சட்டமே ஒரு மூடி போட்டிருக்கிறது: வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் கூடாது. 1988-ல் போட்ட மூடி அது. அன்றைக்கு அது பெரிய பணம். இன்றைக்கு லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கும் அதே மூடி!

சினிமா டிக்கெட்டிலும் ஒரு பங்கு இருக்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த கையோடு 30 சதவீதக் கேளிக்கை வரியும் வரும் என்றதும் தமிழ்நாடு முழுக்கத் தியேட்டர்களை மூடிவிட்டார்கள். பிறகு பேச்சுவார்த்தை, குறைப்பு, சமாதானம். முதல் நாள் முதல் காட்சியில் நாம் அடிக்கிற விசிலில் கொஞ்சம் சாக்கடை அடைப்பு எடுக்கவும் போகிறது.

இத்தனையும் போதவில்லை என்றால் கடன். சின்ன ஊர்களை நம்பி யார் கடன் கொடுப்பார்கள் என்கிறீர்களா? 2002-ல் தமிழ்நாடு ஒரு வித்தை காட்டியது. தனித்தனியாகப் போனால் யாரும் மதிக்க மாட்டார்கள் என்று 13 சிறிய உள்ளாட்சிகளைக் கூட்டுச் சேர்த்து, குடிநீர், பாதாளச் சாக்கடைப் பணிகளுக்காக 30 கோடிக்குச் சற்று மேல் கடன் பத்திரம் வெளியிட்டார்கள். இந்தியாவிலேயே இப்படிக் கூட்டாக வெளியிட்டது அதுதான் முதல் தடவை.

பாலம் ஒருத்தர், தண்ணி ஒருத்தர்

காவிரிப் பாலம் வந்தாச்சு. இந்த இடத்தில் கல்லா மாறுகிறது! 1976-ல் திறந்த பாலம் இது. 2022 நவம்பரில் பராமரிப்புக்காக மூடியபோது ஸ்ரீரங்கத்துக்காரர்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். திட்டியது என்னவோ மாநகராட்சியைத்தான். ஆனால் 6 கோடியே 87 லட்சம் ரூபாய் போட்டுப் பழுது பார்த்தது மாநில நெடுஞ்சாலைத் துறை. மேலே ஓடுகிற வண்டிக்கு ஒரு துறை, கீழே ஓடுகிற ஆற்றுக்கு இன்னொரு துறை, ஆற்றுக்குள் கம்பரசம்பேட்டையில் கிணறு போட்டுத் தண்ணீர் எடுத்து வீட்டுக்கு அனுப்புகிற மாநகராட்சி இன்னொன்று. குழாயில் காற்று வந்தால் யாருக்குப் போன் பண்ணணும் என்று தெரிந்தவர்தான் வார்டில் பெரிய மனுஷன்.

செலவு எப்படி நடக்கிறது? ஒரு தெருவுக்கு சிமெண்ட் ரோடு என்று வைத்துக்கொள்வோம். பொறியாளர் மதிப்பீடு போடணும். மன்றத்தில் கூட்டப் பொருளாக வரணும். நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை. ரோடு போட்டாச்சா? இனிமேல்தான் கதாநாயகன் என்ட்ரி: எம்.புக்! மெஷர்மென்ட் புக் என்கிற அளவுப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்திருக்கும். ஒரு தாளைக்கூடக் கிழிக்க முடியாது. நீளம், அகலம், கனம். ஒருத்தர் அளந்து எழுத, மேலதிகாரி மறு அளவு பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எம்.புக்கில் ஏறாத ரோடு, ரோடே இல்லை. பில்லிலும் முழுத்தொகை வராது: ஜிஎஸ்டி, வருமான வரிப் பிடித்தம், கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கு 1 சதவீதம் என்று கழித்துக்கொண்டு மிச்சம்தான் ஒப்பந்தக்காரர் கைக்கு.

பெரிய வேலைக்கெல்லாம் பெரிய இடத்துப் பணம். பஞ்சப்பூர் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் 408 கோடி ரூபாய். 2025 மே 9 அன்று முதல்வர் ஸ்டாலின் திறந்து வைத்தார். கட்டுவதற்கு அரசு கைகொடுக்கும், ரிப்பன் வெட்ட ஆள் வரும், ட்ரோன் படம் எடுக்கும். மறுநாள் காலையில் அதைக் கூட்டிப் பெருக்குவது யார்? விளக்குக்குக் கரண்ட் பில் யார் கட்டுவது? அதெல்லாம் ஊர்க் கல்லாவின் தலையில்!

டோல்கேட்டைத் தாண்டினால் வேற உலகம்

கொள்ளிடம் தாண்டி நம்பர் ஒன் டோல்கேட். திருச்சிக்குள் டி.வி.எஸ். டோல்கேட் இன்னொன்று. சுங்கம் தவிர்த்த சோழன் என்று குலோத்துங்கனைக் கொண்டாடுகிற நாட்டில், சுங்கச் சாவடியை பஸ் ஸ்டாப் பெயராக வைத்துப் பாதுகாக்கிற ஊர் நம்ம ஊர்!

இங்கிருந்து மாநகராட்சிப் பேச்செல்லாம் முடிந்தது. மண்ணச்சநல்லூர் பொன்னி அரிசி மில்களின் தவிட்டு வாசனை அடிக்கிறபோது நீங்கள் பேரூராட்சி எல்லையில். அதைத் தாண்டினால் ஊராட்சிகள். இப்படிக் கல்லா மாறுவது ஜாலியான விஷயம் என்று நினைத்தால், 2025 ஜனவரியில் அதவத்தூர்க்காரர்களைக் கேட்டிருக்க வேண்டும். உங்கள் ஊரை மாநகராட்சியோடு சேர்க்கப் போகிறோம் என்றதும் சந்தோஷத்தில் குதிக்கவில்லை. சாலைக்கு வந்து மறித்தார்கள். வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும் என்ற பயம். ஊர் நகரமாவது போர்டு மாற்றுகிற விஷயம் மட்டுமா என்ன, யார் எவ்வளவு கட்டுகிறார், யாருக்கு என்ன கிடைக்கிறது என்ற பட்டியலே தலைகீழாகிவிடும்.

திருவெள்ளறை இறங்கு!

இறங்கியதும் தெரிகிற அந்த வெள்ளைப் பாறையும் உயர்ந்த மதிலும் புண்டரீகாட்சப் பெருமாளுடையது. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. நிர்வாகத்தில் ஸ்ரீரங்கம் கோயிலின் உபகோயில். உண்டியல் கணக்கு தனி, அறநிலையத் துறை. மதிலுக்கு வெளியே தெரு விளக்கு, குழாய், குப்பை எல்லாம் மண்ணச்சநல்லூர் ஒன்றியத்தைச் சேர்ந்த திருவெள்ளறை ஊராட்சி.

கிராம ஊராட்சியின் கணக்கு பக்கா அஞ்சறைப்பெட்டி. ஒன்றாம் எண் கணக்கில் பொது நிதி. இரண்டாம் எண் கணக்கு கரண்ட் பில்லுக்கும் குடிநீர் வாரியத்துக்கும் என்று ஒதுக்கியது. மூன்றாம் எண் கணக்கில் திட்டப் பணம். கடுகைச் சீரகத்தோடு கலந்தால் தணிக்கையில் மாட்டிக்கொள்வார்கள்!

வரவு எதில்? வீட்டு வரிதான் முதலில். கூரைக்கு ஒரு ரேட், ஓட்டுக்கு ஒரு ரேட், மெத்தை வீட்டுக்கு ஒரு ரேட் என்று போகும். குழாய்க் கட்டணம், தொழில் வரி, கட்டட அனுமதிக் கட்டணம் அடுத்து. ஊராட்சிகளின் கதையே களைகட்டுவது அதற்கப்புறம்: குளத்து மீன்பாசி ஏலம், புளியமர மகசூல் ஏலம், சீமைக் கருவேல மர ஏலம்! நம்ம வீட்டு ரசத்தில் கரைகிற புளி, ஏதோ ஒரு ஊராட்சியின் பல்பாக எரிந்துகொண்டிருக்கலாம்.

இது எல்லாம் சேர்ந்தாலும் சில்லறைதான். பெரிய பங்கு மேலிருந்து வருகிறது. மாநிலம் தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் கட்டுண்ட நிதி. குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் தவிர வேறு எதற்கும் தொடக் கூடாது என்பது கண்டிஷன். மிச்ச 40 சதவீதத்தில்தான் ஊர் தன் இஷ்டத்துக்கு யோசிக்க முடிந்தது.

கையெழுத்துக் கதை கேட்டால் சிரிப்பீர்கள். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லையா, பிளீச்சிங் பவுடர்கூட வாங்க முடியாது! இப்போது காலம் மாறி, திட்டப் பணத்துக்கெல்லாம் கம்ப்யூட்டரில் டோக்கன் செருகி டிஜிட்டல் கையெழுத்து. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு திருச்சி உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். பேனா கை மாறியது. மோட்டார் மட்டும் அதே மோட்டார்.

அந்த மோட்டாரைச் சொல்லியே ஆக வேண்டும். ஊராட்சிப் பணத்தின் உண்மையான கதாநாயகர் விடியற்காலையில் எழுந்து தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றி, தெருத் தெருவாக வால்வு திருப்புகிற டேங்க் ஆபரேட்டர். எந்த ஊருக்குப் போனாலும் மேல்நிலைத் தொட்டியை அண்ணாந்து பாருங்கள். கொள்ளளவு இத்தனை லிட்டர், சுத்தம் செய்த நாள், அடுத்து சுத்தம் செய்ய வேண்டிய நாள் என்று பெயின்ட்டில் எழுதியிருக்கும். தேதி புதுசா, பழசா? ஒரு ஊராட்சியின் நிர்வாகத்தை எடைபோட அது ஒன்று போதும். பட்ஜெட் புத்தகமே தேவையில்லை.

1,200 வருஷத்து போர்டு

இப்போது கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கிணற்றுக்கு வாங்க. ஸ்வஸ்திக வடிவம். நாலு பக்கமும் படி, நாலும் மடங்கி மடங்கி இறங்கும். ஒரு படித்துறையில் குளிப்பவர் அடுத்த படித்துறையில் இருப்பவருக்குத் தெரிய மாட்டார். மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் குளித்தாலும் சண்டை வராது என்று ஊரில் ஒரு கிண்டல்!

தந்திவர்ம பல்லவன் காலத்தில், ஏறக்குறைய கி.பி. 800-ல் வெட்டியது. அங்கேயே கல்வெட்டு இருக்கிறது. ஆலம்பாக்கத்து விசய நல்லுழானின் தம்பி கம்பன் அரையன் வெட்டினார். அரசனின் 4-ஆம் ஆட்சியாண்டில் தொடங்கி 5-ஆம் ஆண்டில் முடித்தார். பெயர் மார்ப்பிடுகு பெருங்கிணறு; மார்ப்பிடுகு என்பது அரசனின் பட்டப்பெயர். அட, இதைத்தானே இன்றைக்கும் ரோட்டோரத்தில் பார்க்கிறோம்! திட்டத்தின் பெயர், தொடங்கிய நாள், முடித்த நாள், மேலே பெரிய இடத்துப் பெயர். அச்சு அசல் அதே போர்டு.

ஆனால் கல்வெட்டில் இன்னொரு வரி இருக்கிறது: இந்தக் கிணற்றைக் காக்க வேண்டியவர்கள் இந்த ஊர் மூவாயிரத்து எழுநூற்றுவர். பராமரிப்பு யார் பொறுப்பு என்பதைக் கல்லில் வெட்டி வைத்துவிட்டார்கள்! நம்ம போர்டில் மதிப்பீட்டுத் தொகை பைசா சுத்தமாக இருக்கும், பராமரிப்பவர் பெயர் இருக்காது. புதுசாகக் கட்ட மேலிருந்து பணம் வரும், பெயரும் வரும். கட்டியதை ஓட்ட ஊர்ப் பணம்தான், அதற்குப் பெயர் எதுவும் கிடையாது. மொத்தக் கணக்குப் புத்தகத்தின் ரகசியமும் இவ்வளவுதான்.

பழைய ஆட்கள் கணக்கில் கறார் என்பதற்கு உத்திரமேரூர் போதும். பராந்தக சோழன் காலத்து 919, 921 கல்வெட்டுகள். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடியும் குடவோலைக்குப் பெயர் கொடுக்க முடியாது. அவர் மட்டுமா? சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள் என்று சொந்தக்காரர் பட்டியலே போட்டுத் தடை விதித்திருக்கிறார்கள். வரி போடுவதிலும் சளைத்தவர்கள் இல்லை. பல்லவர் செப்பேடுகளில் கல்யாணத்துக்குக் கண்ணாலக் காணம், குயவருக்குக் குசக்காணம், தறிக்கும் செக்குக்கும் தனித்தனி. மண்டபத்துக்கு மட்டும் வரி கட்டிவிட்டுத் தாலி கட்டுகிற நாம் தப்பித்தோம்!

நீங்களும் எட்டிப் பார்க்கலாம்

இந்தக் கணக்கைப் பார்க்க யாரையும் கெஞ்ச வேண்டாம். வருஷத்தில் ஆறு நாள் கதவு தானாகத் திறக்கும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கிராம சபை. வரவு செலவை வாசித்தே ஆக வேண்டும். எந்த ஊர் சபையிலும் இந்த வசனம் தவறாமல் கேட்கும்:

"ஏன் தம்பி, எங்க தெருக் கடைசிக்குத் தண்ணியே ஏறலியே?"

"பம்பு லோடு எடுக்கல ஆத்தா, எழுதிப் போட்டிருக்கோம்."

"போன தடவையும் எழுதித்தானேய்யா போட்ட!"

கைத்தட்டல் அள்ளும். ஆனால் அடுத்த முறை அந்த ஆத்தாவுக்குப் பக்கத்தில் நின்று இன்னும் ரெண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்கள்: இரண்டாம் எண் கணக்கில் கரண்ட் பாக்கி எவ்வளவு? புதுசாகக் கட்டுகிறீர்களே, அதை நாளைக்கு ஓட்டப் போவது யார், எந்தக் கணக்கிலிருந்து? செயலர் தலையைச் சொறிவார், பரவாயில்லை, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றியதும் உங்கள் கையெழுத்தையும் போட்டுவிடுங்கள். சபைக்கு வந்தவர்களுக்கு அந்தப் புத்தகத்தில் இடம் உண்டு. மூவாயிரத்து எழுநூற்றுவரில் நீங்கள் அடுத்த ஆள்!